வாய் திறந்து கேட்கவேண்டும்

...யெஸ்ஸா நோவா, அவ்வளவுதான் கேட்டிருக்கிறாள், 'ரெண்டு மணிக்குச் சித்தப்பாவுக்குக் கோல் எடுக்கப்போறன், அதுக்கு முதல் சொல்லுங்கோ அம்மா' என்று, கடையில் நின்றுகொண்டு பால் வாங்கவா வேண்டாமா என்று கேட்கிற மாதிரி, வேறு யாருமில்லை, பெற்ற மகள் ராகவிதான், அதுவும் இன்றைக்குப் பார்த்து. இன்றைக்கு யூதர்களின் வருடப்பிறப்பு. நான் வேலை செய்யும் இந்த முதியோர் இல்லம் கோல்ஃபீல்டில் இருக்கிற யூத இல்லம், மின்சாரச் சாமானை இயக்கக்கூடாத நாள் என்று இன்றைக்கு இங்கே ஒருவரும் போனைத் தொடமாட்டார்கள், லிஃப்ட்கூட யாரும் பட்டன் அழுத்தாமல் ஒவ்வொரு மாடியிலும் தானாக நின்று நின்று போகும், வேலைக்காரர் நாங்கள் தொடலாம், ஆனால் அவர்கள் கண்ணில் படாமல் தொடவேண்டும் என்று மனேஜர் விடியவே சொல்லிவிட்டாள். ஆகவே போன் சட்டைப்பைக்குள் கிடந்து துடிக்கிறது, நான் மிஸ்டர் ஹிர்ஷை வீல்செயரில் வைத்துத் தள்ளிக்கொண்டு பிரார்த்தனை மண்டபத்துக்குப் போகிறேன், முகத்தில் சிரிப்பு வைத்திருக்கிறேன், அதற்கும் சேர்த்துத்தானே சம்பளம். தை மாதம் ராகவிக்குக் கல்யாணம். மணவறையில் தகப்பன் இடத்தில் இருந்து அவளைத் தாரை வார்த்துக் கொடுக்க ஒரு தம்பதி வேண்டும், தகப்பன் செத்துப்போனார், நான் விதவை, பத்து மாதம் சுமந்தவளுக்கு மணவறையில் இடமில்லை, முன்வரிசையில் ஒரு கதிரை போடுவார்கள், அதுவே பெரிய மனது. 'ஐயரிட்டச் சொன்னா ஆரோ ஒரு சோடியைப் பிடிச்சுத் தருவார்' என்று நேற்றுச் சொன்னேன். 'அப்பாட சொந்தத் தம்பி இருக்கேக்க ஆரோ ஒரு சோடியோ?' என்று கேட்டாள். அந்தச் சொந்தத் தம்பி, கணேசலிங்கம், தன் வாயால் இவளுடைய அப்பாவின் ஐந்து வருடத்தைத் தின்றவன் என்பது அவளுக்குத் தெரியாதா, தெரியும், நன்றாகத் தெரியும், தெரிந்துகொண்டுதான் யெஸ்ஸா நோவா என்கிறாள்.

மிஸ்டர் ஹிர்ஷுக்கு இன்றைக்கு வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, விடிய ஐந்தரைக்கே எழும்பி உடுப்பாட்டு உடுப்பாட்டு என்று மணியை அடித்துக்கொண்டிருந்தார், மடியில் அவருடைய கொம்பு, வெல்வெட் பைக்குள். ஆட்டுக்கடாவின் கொம்பு. ஷோஃபார் என்பார்கள். இந்த வேலைக்கு வந்த புதிதில் அதைப் பார்த்து, மாட்டுக்கொம்பா என்று கேட்டு அவரிடம் நல்லாய் வாங்கிக் கட்டிக்கொண்டேன், மாடு கூடாதாம், அவர்களுடைய முன்னோர் ஒருகாலத்தில் பொன்னில் கன்றுக்குட்டி செய்து கும்பிட்டுக் கடவுளின் கோபத்தை வாங்கினார்களாம், அதை இன்றைய நாளில் அவருக்கு ஞாபகப்படுத்தலாமா என்றார். ஆட்டுக்கடாவிலும் வளைந்த கொம்புதான் வேண்டும், நிமிர்ந்து நின்றால் சரிவராது, மனிதன் வளைந்து நிற்கவேண்டிய நாளாம். வெடிப்பு இருக்கக்கூடாது, ஒட்டுப்போட்ட கொம்பும் ஆகாது. நாற்பது வருடம் தன்னுடைய கோயிலில் கொம்பு ஊதியது இவர்தான், இப்போது சுவாசப்பையில் காற்று இல்லை, குளிக்க வார்க்கும்போதே இரண்டு தரம் நிறுத்தவேண்டும். ஊதமுடியாத கொம்பை மடியில் வைத்துக்கொண்டு வேறொருவன் ஊதுவதைக் கேட்கப் போகிறார், அதிலே ஒரு வயிற்றெரிச்சல் அவருக்கு, முகத்தில் தெரிகிறது, அந்த வயிற்றெரிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது. இந்த இல்லத்தில் பொய்யாகச் சிரிக்காத ஒரே ஆள் அவர்தான்.

மண்டபத்தில் இருபது வீல்செயர், ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள், சிவப்புத் தாடிக்கார ரபி, அவர்களுடைய குருக்கள், எனக்கு வரப்போகிற மருமகனின் வயதுகூட இருக்காது, மேடையில் நின்று புத்தகத்தைப் புரட்டுகிறார், நான் வழக்கம்போலச் சுவரோடு ஒட்டி நிற்கிறேன். போன் மறுபடியும் துடிக்கிறது. துடிக்கட்டும். உனக்கு என்ன பிள்ளை தெரியும், உனக்கு அப்போது பன்னிரண்டு வயது, ஞாயிற்றுக்கிழமையென்றால் முகாமில் அப்பாவைப் பார்க்கப்போகிறோம் என்று தலை இழுத்துப் பின்னிக்கொண்டு வருவாய், அங்கே விற்கிற இனிப்பு மெசினில் காசு போட்டு விளையாடுவாய், எனக்கல்லவா தெரியும் ஒவ்வொரு ஞாயிறும் அந்த மனிதனின் கண் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக அணைந்தது என்று... ரபி கொம்பை உதட்டில் வைத்தார். நீட்டி ஒரே ஊதல், தெகியா. இது இசையே இல்லை, கோயிலில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது ஏதோ விலங்கு அடிபட்டுக் கத்துகிறது, அவ்வளவுதான், ஒவ்வொரு வருடமும் இப்படித்தான் நினைக்கிறேன், ஒவ்வொரு வருடமும் கையில் மயிர் கூச்செறிகிறது. நித்திரை கொள்கிறவனை எழுப்புகிற சத்தம் என்று மிஸ்டர் ஹிர்ஷ் சொல்லியிருக்கிறார். 'ஆர் நித்திரை கொண்டது, எனக்கு நித்திரையே வாறேல்லை' என்று தமிழில் முணுமுணுத்தேன் அன்றைக்கு, என்ன என்று கேட்டார், நத்திங் என்றேன்.

போன மாதம் இந்தக் கொம்புதான் என்னைக் கள்ளியாக்கியது. காலையில் எழும்பிப் பார்த்தால் பை வெறுமை, மனிதன் இல்லத்தையே கூட்டிவிட்டார், தவா எடுத்துவிட்டாள், தவாதான் நேற்று அலுமாரி துடைத்தாள், என்று. தவநாயகி என்ற பெயரை முழுதாகச் சொல்ல இந்த நாட்டில் ஒருவருக்கும் நாக்கு வளையாது, ஆனால் கள்ளி என்று சொல்ல எல்லாருக்கும் வளையும். மனேஜர் என்னைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி, குற்றம் சாட்டவில்லை, கேட்கிறேன் மட்டும்தான் என்றாள், அந்த வசனத்தை நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் மாதத்திலேயே வேறு மேசைகளுக்கு முன்னால் கேட்டுவிட்டேன், மனப்பாடம். பின்னேரம் பார்த்தால் கொம்பு அவருடைய குளிர்காலச் செருப்புக்குள், இரண்டு காலுறைக்குள் சுற்றி, தானே ஒளித்துவைத்துத் தானே மறந்திருக்கிறார். அவருடைய மகள் அன்றைக்கே சொக்கிலேட் பெட்டியோடு வந்து அப்பாவுக்காக நான் சொறி என்றாள். நோ வொரிஸ் என்றேன். இந்த நாட்டில் எதற்கும் அதுதானே மருந்து, காலை மிதித்தவனுக்கும் நோ வொரிஸ், கள்ளி என்றவனுக்கும் நோ வொரிஸ், சொல்லிச் சொல்லி நாக்கில் தழும்பு விழுந்துவிட்டது. அடுத்த நாள் அவர் தானே கூப்பிட்டார். 'என் மகள் கேட்டது கணக்கில் இல்லை. நான் கேட்கிறேன். உன் பெயரைக் கெடுத்தேன். மன்னிப்பாயா?' என்றார், அவருடையது ஹங்கேரி ஆங்கிலம், என்னுடையது வன்னி ஆங்கிலம், எப்படியோ விளங்கும். நோ வொரிஸ் மிஸ்டர் ஹிர்ஷ் என்றேன். கட்டில் சட்டத்தில் கையால் அடித்தார். 'வொரிஸ் பற்றி நான் கேட்கவில்லை' என்றார்.

பிறகு அவருடைய சட்டத்தைச் சொன்னார், மூச்சு வாங்கி வாங்கி, கோபத்தோடு. ஒருவன் கடவுளுக்குச் செய்த பிழையைக் கடவுள் மன்னிக்கலாம், வருடப்பிறப்பிலிருந்து பத்தாம் நாள் பட்டினி கிடந்து கேட்டால் மன்னிப்பார். ஆனால் மனிதன் மனிதனுக்குச் செய்ததில் கடவுளுக்கு வேலை இல்லை. அவர் தலையிடமாட்டார். யாருக்குச் செய்தாயோ அவனிடம் போ, வாய் திறந்து கேள், முதல்தரம் மறுத்தால் இரண்டாம் தரம் போ, இரண்டாம் தரம் மறுத்தால் மூன்றாம் தரம். அவன் மன்னிக்காதவரை வானத்தில் ஒருவரும் மன்னிக்கமாட்டார்கள்... படுக்கை விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஐம்பத்தெட்டு வயதுவரைக்கும் எனக்கு ஒருவரும் இதைச் சொல்லவில்லையே. எங்களுடைய ஆட்கள் என்ன சொன்னார்கள், விடுங்கோ, மறந்திடுங்கோ, செத்தவர் செத்திட்டார், அவன் பாவம் சின்னப்பெடியன், முருகன் பாத்துக்கொள்ளுவான். முருகன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான், கணேசலிங்கம் சிட்னியில், மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் ஒவ்வொரு வருடமும் காவடி எடுக்கிறான், முதுகில் முள் குத்தி, பெண்சாதி இரஞ்சிதம் பின்னால் செம்போடு நடக்க, உறவுக்காரர் அந்தப் படங்களை எனக்கும் அனுப்பிவிடுவார்கள், என்ன ஒரு பக்தி என்று. நான் திறந்த கையோடு அழித்துவிடுவேன். அவனுக்கு என்ன, முதுகைக் கீறிக் கடவுளிடம் கணக்கை முடித்துவிட்டான், எனக்கு ஒரு சொல் இல்லை. இப்போது இந்தக் கிழவன் சொல்கிறார் மன்னிப்புக் கதவின் பூட்டுக்கு முருகனிடம் திறப்பு இல்லையாம், திறப்பு என்னிடமாம். அன்றைக்கு வேலை முடிந்து வெஸ்ட் கேட் பாலத்தால் ட்ருகனினாவுக்கு வீடு திரும்பும்போது, வழக்கமான நெரிசல், லொறிகளுக்கு நடுவில், எனக்குச் சிரிப்பு வந்தது. எடு காவடி, இன்னும் பத்துக் காவடி எடு, உன்னை விடமாட்டேன், வா, வந்து வாய் திறந்து கேள், அப்போது பார்க்கலாம் என்று காருக்குள் சத்தமாகச் சொன்னேன்.

வாய்... அவனுடைய வாய்தானே எல்லாம். நாலுபேரும் ஒரே படகில் வந்தவர்கள், என் கணவர் பாலகிருஷ்ணன், நான், ராகவி, கணேசலிங்கம். கடலில் அவன்தான் ராகவியைத் தூக்கி வைத்திருந்தான், அதையும் சொல்லவேண்டும், நான் பொய் சொல்கிறவள் அல்ல, சத்தியெடுத்துச் சோர்ந்த பிள்ளையை மூன்று இரவு மடியில் வைத்திருந்தவன் அவன்தான். பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். யாரோ ஒரு முட்டாள் முகாமுக்குள் சொல்லிக்கொடுத்திருக்கிறான், குடும்பத்தில் ஒருவர் இயக்கத்தோடு தொடர்பு என்று சொன்னால் உன்னுடைய வழக்குப் பலக்கும், திருப்பி அனுப்பினால் உன் உயிருக்கு ஆபத்து என்று நம்புவார்கள் என்று. எங்களுடைய சனத்துக்கென்றே ஒரு புத்தி. இவன் போய், என்ர அண்ணன் அவங்களுக்கு வாகனம் ஓடினவர் என்று சொல்லியிருக்கிறான். ஓடினவர்தான். வன்னியில் லொறி வைத்திருந்தவன் எவன் ஓடாமல் இருந்தான், துவக்கை நீட்டி அரிசி மூட்டை ஏற்று என்றால் ஏற்றத்தானே வேண்டும், ஆறேழு மாதம் அரிசி ஏற்றினார், அவ்வளவுதான் பாலகிருஷ்ணனுடைய போராட்டம். அந்த ஒரு வசனத்தால் இவனுக்கு விசா கிடைத்தது. அதே வசனத்தால் அவருக்குப் பாதுகாப்புக் காரணம் என்று மறுப்புக் கிடைத்தது. என்ன பாதுகாப்பு, யாருக்குப் பாதுகாப்பு, காரணத்தைச் சொல்லமாட்டார்கள், எதிர்த்து வழக்காட இடமில்லை, திருப்பி அனுப்பவும் மாட்டார்கள், வெளியே விடவும் மாட்டார்கள், என்னையும் பிள்ளையையும் வெளியே விட்டு அவரைக் கம்பிவேலிக்குள் வைத்தார்கள், ஐந்து வருடம். வேண்டுமென்று சொன்னானா, இல்லை, அதுவும் எனக்குத் தெரியும், அண்ணனுக்கும் சேர்த்து நல்லது செய்கிறேன் என்று நினைத்துத்தான் சொன்னான், மடையன், அது தெரிந்ததால் கோபம் குறைந்ததா, இரண்டு மடங்காகியது, கெட்டவனாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அவன் வெளியே வந்த அன்றைக்கு எங்களைப் பார்க்க ஓடிவந்து, அண்ணி நான் என்று தொடங்கினான். கைகாட்டி நிறுத்தினேன். 'இந்த வாயை இனி என்ர முன்னால திறக்காத. ஒருநாளும் திறக்காத' என்று சொன்னேன். இன்றைக்கும் அந்தச் சொல்லை நினைத்தால் நெஞ்சு குளிர்கிறது, சொல்லவேண்டிய இடத்தில் சரியாகச் சொன்னேன்.

மேடையில் இப்போது அடுத்த ஊதல், தெருவா, துண்டு துண்டாக, விம்மி விம்மி. இதற்கு மிஸ்டர் ஹிர்ஷ் ஒரு கதை சொல்லியிருக்கிறார், நம்பமாட்டீர்கள். இந்த விம்மலின் அளவை அவர்கள் ஒரு தாயின் அழுகையிலிருந்து எடுத்தார்களாம், அவர்களுடைய தாய் அல்ல, எதிரியின் தாய். அவர்களோடு போருக்கு வந்த சேனாதிபதி ஒருவன் கொல்லப்பட்டான், அவனுடைய தாய் ஜன்னலடியில் நின்று மகனின் தேரைப் பார்த்துப் பார்த்து அழுதாள், அவள் எப்படி அழுதாள் என்று இவர்களுடைய பெரியவர்கள் உட்கார்ந்து வாதாடி, அதே அழுகையை வருடத்தின் முதல் நாளில் கொம்பில் வைத்தார்கள். 'உங்களுக்கு வேறு அழுகை கிடைக்கவில்லையா' என்று கேட்டேன். இவர் சிறுபிள்ளையாக புடாபெஸ்ட்டில் ஒரு நிலவறையில் ஒளிந்து உயிர் தப்பியவர், தாயும் தகப்பனும் தப்பவில்லை, இவருக்கா அழுகைக்குப் பஞ்சம். தோளைக் குலுக்கினார். 'அவர்களை நீங்கள் மன்னித்தீர்களா' என்று ஒருநாள் கேட்டும் இருக்கிறேன், கேட்கக்கூடாதுதான். 'அவர்கள் என்னிடம் கேட்கவில்லை. கேட்டாலும் நான் யார், செத்தவர்களிடமல்லவா கேட்கவேண்டும்' என்றார். செத்தவனிடம் கேட்கவும் சட்டம் வைத்திருக்கிறார்கள், பத்துப்பேரைக் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போய்ச் சொல்லவேண்டுமாம். கணேசலிங்கம் எங்கே போவான், கல்லறையா இருக்கிறது, அவரை எரித்துச் சாம்பலைக் கடலில் கரைத்தாகிவிட்டது, அந்தக் கடலால்தான் வந்தோம், அந்தக் கடலிலேயே கரைத்துவிட்டோம்.

கம்பிவேலிக்குள்ளிருந்து வெளியே வந்தபிறகு என் கணவர் சத்தமாகக் கதைத்து நான் கேட்டதில்லை. வேலைக்குப் போனார், மரப்பெட்டி அடிக்கிற தொழிற்சாலை, வந்தார், சாப்பிட்டார், யன்னல் பக்கம் கதிரையைப் போட்டு இருந்தார். தம்பியைப் பற்றி ஒரு சொல் இல்லை, நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள் விடிய எழும்பவில்லை. செய்தி கேட்டு அவன் சிட்னியிலிருந்து இரவோடிரவாக ட்ரக்கிலேயே வந்துவிட்டான், சுமை இறக்கக்கூட நிற்கவில்லை என்று பிறகு சொன்னார்கள். எங்களுக்கு ஆண்பிள்ளை இல்லை, தம்பிதான் கொள்ளி வைக்கவேண்டும், அதுதான் முறை, அவனும் அந்த முறையை நம்பித்தான் வந்திருக்கிறான், சவச்சாலை வாசலில் வேட்டியோடு, சேட்டில்லாமல், அந்த ஆடிக் குளிரில், மீசையை மழித்துவிட்டு நின்றான். இருபது வயதிலிருந்து வைத்திருந்த மீசை, எம்.ஜி.ஆர் மீசை என்று அண்ணன்காரன் கேலி செய்கிற மீசை. என்ன நாடகம் என்று நினைத்தேன். நினைத்தது மட்டுமா, என் அக்காவின் மகன் யதுஷனைக் கூப்பிட்டு, 'நீ வை' என்றேன். சங்கு சேமக்கலத்துக்கு ஆளில்லாமல் யாரோ போனில் போட்டார்கள், போன் சங்கு ஊதியது, பாட்டரி குறைகிறது என்று நடுவில் ஒரு சத்தமும் வந்தது, இதுதான் எங்களுடைய சாவு. அவன் கடைசிவரைக்கும் அப்படியே நின்றான். செத்தவீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக்கூடாது, சொல்லாமல்தான் போகவேண்டும், அவனும் சொல்லாமல் போனான்.

வருடம் முடிந்து ஆட்டத்திவசத்துக்கும் வந்தான். அழைக்கவில்லை, வந்தான். செருப்புக் கழற்றிவைக்கிற இடத்தில் நிலத்தில் இருந்தான், சாப்பாடு போட்டார்கள், தொடவில்லை, எல்லாரும் போனபிறகு கொல்லைப் பக்கம் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால் கரிபிடித்த கிடாரங்களை ஒவ்வொன்றாகத் தேய்க்கிறான். ஆர் கேட்டது உன்னை என்று வாய் வரைக்கும் வந்தது, கதவை அடித்துச் சாத்தினேன், அதுவே போதும். பிறகு போன மாசியில், காற்றுக்குப் பின்பக்க வேலி சாய்ந்து கிடந்தது, ஆள் பிடிக்கவேண்டும் என்று நாலு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், வேலை முடிந்து வந்து பார்த்தால் வேலி நிமிர்ந்து நிற்கிறது, புதுத் தூண், புதுப் பலகை. பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரி சொன்னாள், சிட்னி நம்பர் ட்ரக் ஒன்று, ஒரு மனிதன், தண்ணீர் கொடுத்தேன் குடிக்கவில்லை என்று. இரண்டு நாள் அந்த வேலியைப் பார்க்காமல் உடுப்புக் காயப்போட்டேன். இப்படி வேலையாள் மாதிரி வந்துவந்து போனால் முடிந்ததா, ஒரு சொல், ஒரே ஒரு சொல் வரவில்லையே அந்த வாயிலிருந்து, விசாரிக்கிறவனுக்கு முன்னால் அவ்வளவு தாராளமாகத் திறந்த வாய்...

ஊதி முடிந்து, பிரார்த்தனை முடிந்து, வீல்செயர்கள் ஒவ்வொன்றாகச் சாப்பாட்டு அறைக்குப் போகின்றன, அங்கே அப்பிள் துண்டும் தேனும் காத்திருக்கின்றன, இனிப்பான வருடத்துக்காம். மிஸ்டர் ஹிர்ஷ் நகரமாட்டேன் என்று சில்லைப் பிடித்துக்கொண்டார். பையை அவிழ்த்து, நடுங்கி நடுங்கிக் கொம்பை எடுத்து வாயில் வைத்தார். ரபி பார்த்தார், தடுக்கவில்லை. கன்னம் உப்பியது, கழுத்து நரம்பு புடைத்தது, காற்று வந்தது, காற்று மட்டும்தான், ஃபூ என்று, கேத்தல் கொதிக்க முதல் வருகிற மாதிரி ஒரு சத்தம். மறுபடி ஊதினார். மறுபடி காற்று. மூன்றாம் தரம் அதுவும் வரவில்லை, எச்சில் வழிந்தது, கண்ணால் தண்ணீர் வழிந்தது, நான் குனிந்து துடைத்துவிட்டேன், துடைக்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்தார். பேச மூச்சில்லை. என் சட்டையில் குத்தியிருக்கிற பெயர்த் தகட்டில் ஒரு விரலை வைத்தார், தவா என்ற அந்த அரைப்பெயரில், வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான். என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. கள்ளி என்றதற்கு. நோ வொரிஸ் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது, அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, இங்கிலீசில் வேறு சொல்லும் கிடைக்கவில்லை. 'ஓம்' என்றேன். 'ஓம் ஐயா, மன்னிச்சிட்டன்.' ஒரு சொல் விளங்கியிருக்காது. கையை விட்டார், கண்ணை மூடினார், கொம்பைப் பைக்குள் வைத்துக் கட்டினேன்.

அவரை அறையில் விட்டுவிட்டு, கட்டில் சட்டத்தை உயர்த்தி, மணியைக் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, சமையலறைக்குப் பின்னால் குப்பைத்தொட்டிகள் இருக்கிற இடத்துக்கு வந்து போனை எடுத்தேன், ஒன்றே முக்கால். ராகவியிடமிருந்து வெறும் கேள்விக்குறி ஒன்று வந்திருக்கிறது. நோ என்று எழுதினேன். அனுப்பப் போனேன். அனுப்பாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்... அவர் ஒன்றும் கேட்கவில்லையே. இப்போது, உள்ளே, அந்தக் கிழவன் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய சட்டம், வாய் திறந்து கேட்கவேண்டும் என்று கட்டிலில் அடித்துச் சொன்னவர் அவர்தான், இன்றைக்கு ஒரு விரலை வைத்தார், நான் கேட்டதாக எடுத்துக்கொண்டேன். மகள் கேட்டபோதும் அவர் கேட்டபோதும் சொல் இருந்தது, அதற்கு நோ வொரிஸ் என்றேன். சொல் இல்லாததற்குத்தான் ஓம் வந்தது. கொம்பிலும் சொல் இல்லை. அப்படியென்றால்... இல்லை, அது வேறு இது வேறு, இவர் ஒரு கொம்பைத் தொலைத்தார், அவன் ஒரு மனிதனைத் தொலைத்தான், இரண்டும் ஒன்றா. ஆனாலும் மனம் நிற்கமாட்டேன் என்கிறது, சவச்சாலை வாசலுக்குப் போகிறது, கிடாரத்தடிக்குப் போகிறது, வேலிக்குப் போகிறது, போதும் என்றாலும் போகிறது. அண்ணி நான் என்று தொடங்கியவனை நிறுத்தியது யார். திறக்காத என்று சொன்னது யார். சொன்ன சொல்லைத் தட்டாமல் இத்தனை வருடமும்... மடையன், எதையும் சொன்னபடியே செய்கிற மடையன், யாரோ இதைச் சொல் என்றால் சொன்னான், நான் சொல்லாதே என்றேன், சொல்லவில்லை. மிஸ்டர் ஹிர்ஷின் சட்டத்தில் ஒரு கடைசித் துண்டும் இருக்கிறது, அன்றைக்கு அது எனக்குத் தேவைப்படவில்லை, காதில் விழுந்தும் விழாத மாதிரி விரிப்பை மடித்துக்கொண்டு போய்விட்டேன். மூன்று தரம் வந்து கேட்டும் மறுத்தால், கேட்டவன் விடுபட்டுவிடுவான், பிறகு பாவம் மறுத்தவனுடையது.

நோவை அழித்தேன். யெஸ் என்று எழுதவில்லை, எழுதமாட்டேன், அது அவ்வளவு இலேசில்லை, ஐந்து வருடம் ஞாயிறு ஞாயிறாக அந்தக் கம்பிவேலிக்கு நடந்தவள் நான். பதிலுக்கு ஏன் அதைக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது, விரல் தானாக எழுதியது, 'சித்தப்பா இப்ப மீசை வளத்திட்டாரோ?' என்று. கொள்ளி வைக்க மழித்தவர்கள் முப்பத்தொன்றாம் நாள் கிரியை முடியத் திரும்ப வளர்த்துவிடுவார்கள், இவன் கொள்ளியும் வைக்கவில்லை, அடுத்த கிழமையே வளர்த்திருப்பான், வளர்த்து அளவாகக் கத்தரித்திருப்பான், அப்படித்தான் இருக்கவேண்டும், அப்படி இருந்தால் எல்லாம் நாடகம் என்று ஆகிவிடும், நோ என்று அனுப்பிவிட்டு நிம்மதியாகப் போய்த் தேனில் தோய்த்த அப்பிள் ஊட்டிவிடலாம். காவடிப் படங்களில் பார்த்திருக்கலாம், நான் எதைப் பார்த்தேன், ஆட்டத்திவசத்தில் பார்த்திருக்கலாம், அவன் முதுகுதான் தெரிந்தது, முகம் இருக்கிற பக்கமே நான் திரும்பவில்லை. ராகவி உடனே பதில் போட்டாள். 'வாட்? இல்லையம்மா. அண்டைக்கு எடுத்தவர் எடுத்ததுதான். சித்தி எவ்வளவோ சொல்லிப் பாத்தவா, வளக்கமாட்டாராம். வை?'

குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு வாட்டில் மரம் மஞ்சள் பூவாகக் கொட்டிக்கொண்டு நிற்கிறது. வை, ஏனாம் என்று கேட்கிறாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவள் அவனுக்குக் கோல் எடுப்பாள், அவன் எங்கேயாவது தெருவோரத்தில் ட்ரக்கை நிறுத்திவிட்டு, மழித்த முகத்தோடு, என்ன பிள்ளை என்று கேட்பான். மூன்று தரத்துக்குப் பிறகு யார் யாரிடம் போய்க் கேட்கவேண்டும் என்று மிஸ்டர் ஹிர்ஷிடம் கேட்கலாம் என்று உள்ளே போனேன். அவர் கொம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நித்திரையாகிவிட்டார், நான் எழுப்பவில்லை.